சந்தனம் யார் வீட்டுப் புறா?

வியாழக்கிழமை காலையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆலயத்து மணி கேட்டது. ஆராதனைக்கு அடிக்கிற அடி அல்ல. ஒன்றடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்றடிக்கிற அடி. பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். மணியடிப்பவரின் மனைவி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "டீச்சரம்மா, ஒங்க மைனி போயிட்டாவ."

மைனி என்றால் என் அண்ணன் மனைவி, ஞானப்பூ அம்மாள். சில நாட்களாகக் காய்ச்சல். அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் எட்டிப் பார்த்தபோது கஞ்சித் தெளிவு குடித்திருந்தார்கள். "பைய போய்ட்டு வா, எஸ்தரே" என்றார்கள். அதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை, நேரமாகிவிட்டது.

அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தால் முற்றம் நிறைய ஆட்கள். கொட்டாரம் ஊரில் அண்ணனின் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், யார் யாரோ. கோட்டாற்றில் புறா விற்கும் மைதீன் சாயிபு எப்படித்தான் சேதி தெரிந்து வந்தாரோ, வேலிப் பக்கம் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்குத் தங்கள் சொந்தத் தாயைப் பறிகொடுத்ததுபோல அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவர்களோடு மல்லுக்கட்டியவள் நான். எனக்கு முன்னால் அழுது தீர்க்க இவர்களுக்கு என்ன பாத்தியதை? அழுகிறவர்களின் கால்களுக்கு நடுவே புறாக்கள் தானியம் தேடி நடந்துகொண்டிருந்தன. தீனி போட வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நம் சபை மகளிர் கூட்டத்தார் மைனியைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "கூடப் பிறந்தவ மாதிரி இருந்திய, ஒங்களவிட யாரு எழுதுவா?" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் வெறும் புகழ்ச்சியாக எதிர்பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மைனி மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே பொறாமை.

எங்கள் தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டார்கள். அண்ணனும் நானும் மட்டும்தான். அண்ணன் என் கையால் காப்பி குடித்தால்தான் கடைக்குப் போவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு ஒரு புத்தக அலமாரி செய்து தருவதாகச் சொன்னார். இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன். செய்கிறேன், செய்கிறேன் என்பார்.

அந்த நிலையில்தான் குலசேகரம் பக்கத்திலிருந்து மைனியைக் கட்டிக்கொண்டு வந்தார். வில்வண்டியில் வந்து இறங்கியபோது மைனியிடம் ஒரு டிரங்குப் பெட்டியும், மூடி கட்டிய ஒரு ஓலைக்கடவமும் இருந்தன. பலகாரம் என்று நினைத்து நான் கடவத்தை வாங்கினேன். உள்ளே ஏதோ குமுறியது. திறந்து பார்த்தால், சிறகை நூலால் கட்டிய நாலைந்து புறாக்கள். பொண்ணு வீட்டுச் சீர் இதுதானா என்று நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். மைனி சொன்னார்கள்: "இதுக்கு இத்திரி வெள்ளம் வை பிள்ளே. நமக்குப் பொறவு குடிக்கலாம்."

மேற்கே அப்படித்தான் பேசுவார்கள். தண்ணீரை வெள்ளம் என்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல எதற்கெடுத்தாலும் "சாரமில்ல" என்பார்கள். பால் பொங்கிப் போனால் சாரமில்ல. மழையில் விறகு நனைந்தால் சாரமில்ல. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதற்கும் சாரமில்ல. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதத்துக்குள் அண்ணன் ரம்பமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். சோப்புப் பெட்டிகளை அறுத்துப் புறாக்கூடு செய்தார். சந்தையில் மண்பானைகள் வாங்கி வந்து, வாய் வெளியே பார்க்கும்படி இறவாரத்தில் படுக்கவைத்துக் கட்டினார். என் அலமாரிக்கு அகப்படாத பலகை புறாவுக்கு மட்டும் எங்கிருந்து அகப்பட்டது என்று கேட்டேன். "இது சின்ன வேலைல்லா மக்கா" என்றார். அந்தச் சின்ன வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தின்றது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பழைய சின்ன வீட்டை வெள்ளையடித்து, என் பெட்டியோடு குடிவந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்.

மைனியின் கையில் புறா பெருகியது. இரண்டு முட்டையிடும், பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெட்டை. ஆண்புறா பகல் முழுக்கப் பானைக்குள் ஒரே இருப்பாக இருப்பதைக் காட்டி மைனி அண்ணனைக் கேலி செய்வார்கள்: "கண்டியளா? இது எந்தக் கடைக்கும் போகல்ல." முட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருந்தால் கரு கூடியிருக்கிறது என்பார்கள். தெளிவாக இருந்தால் எடுத்துவிடுவார்கள். ஒரு சோடி முட்டையைக் கைவிட்டுவிட்டால், அதே சமயத்தில் முட்டையிட்ட வேறு சோடிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். நாளில் முன்பின் இருந்தால் வைக்கமாட்டார்கள். குஞ்சு பொரிக்கிற நேரத்தில்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் தொண்டைப் பையில் பால் ஊறும், அது ஊறாமல் குஞ்சு வந்தால் பட்டினியாகச் செத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மைதீன் சாயிபு நல்ல புறா வந்தால் மைனிக்கென்று எடுத்துவைப்பார். ஒரு தடவை நானும் ஆசைப்பட்டு அவரிடம் ஒரு சோடி வாங்கினேன். இரண்டும் ஆணாக இருந்து, விடியவிடியச் சண்டை போட்டன. அதைக் கேட்டு மைனி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம். ஒரு நாள் காலையில் கூட்டுக்கடியில் ஒரே சிறகு. காட்டுப்பூனை ஒரு சோடியைப் பிடித்துப் போய்விட்டது. பானைக்குள் இரண்டு குஞ்சுகள், கண் திறந்து, உடம்பெல்லாம் முள்முள்ளாக இறகு முளைக்கிற பருவம். வேறு சோடிகளிடம் விட மைனி முயன்று பார்த்தார்கள். அவை கொத்தி விரட்டின. மைனி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மதிலோரம் வந்தார்கள்.

"எஸ்தரே, ரெண்டுக்கும் என்னால ஒரே நேரத்தில தீனி குடுக்க ஒக்காது. ஒண்ண நீ வளக்கியா?"

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு மைனி."

"சாரமில்ல. கேட்டேன், அவ்வளவுதான்" என்று திரும்பினார்கள். அந்தச் 'சாரமில்ல'வில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாங்க" என்று கையை நீட்டினேன்.

கையால் ஊட்டுவது என்றால் கையால் அல்ல, வாயால். ஊறவைத்த சிறுபயற்றை நன்றாக மென்று கூழாக்கி, வாய்க்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, உதட்டைக் குவித்துக் காட்ட வேண்டும். குஞ்சு தன் அலகை நம் உதட்டுக்குள் நுழைத்து, தலையை ஆட்டி ஆட்டி உறிஞ்சும். முதல் நாள் எனக்குக் குமட்டியது. இரண்டாம் நாள் ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு, மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓடினேன். கழுத்துக்குக் கீழே பை நிறைந்து உருண்டையானதும் அது என் கழுத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கும். அதுவரை என் மேல் யாரும் அப்படிச் சாய்ந்து தூங்கியதில்லை.

மைனியின் குஞ்சு செத்துப்போனது. என் குஞ்சு பிழைத்தது. மைனி தன்னுடையதை முருங்கை மரத்து மூட்டில் புதைத்துவிட்டு அழுதார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த வருத்தத்துக்குள் நல்ல கெட்டியான சந்தோஷம் ஒன்றும் இருந்தது. புறா என்றால் ஞானப்பூ என்ற ஊரில், ஞானப்பூவால் முடியாததை எஸ்தர் டீச்சர் செய்துவிட்டாள் அல்லவா? வெளிர் தவிட்டு நிறத்தில் இறகு வந்தது. சந்தனம் என்று பேர் வைத்தேன். மைனி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்நா அழகு! பெட்டைதான் கேட்டியா" என்றார்கள். நான் குஞ்சை உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

சிறகு முற்றியதும் சந்தனம் என் கூரையிலிருந்து மதிலுக்குப் பறந்தது. மதிலிலிருந்து மைனி வீட்டுக் கூரைக்குப் போனது. அங்கே கூட்டம் இருந்தது, என் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சில மாதங்களில் அங்கே ஒரு கறுப்புச் சேவல் புறாவோடு சோடி சேர்ந்து, அவர்கள் வீட்டுப் பானையில் முட்டையும் இட்டுவிட்டது.

புறா வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பறவை தானாகப் போய் எந்த வீட்டில் சோடி சேர்ந்து அடையிருக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் அது சொந்தம். பிடித்துக்கொண்டு போனவன்தான் திருடன். தானாக வந்ததை வைத்துக்கொண்டவன் திருடனில்லை. அண்ணன் இதை எனக்கு விளக்கினார். என் வாயால் ஊட்டி வளர்த்தது என்றேன். "செரிதான் மக்கா. ஆனா அது அங்கயில்லா கூடியிருக்கு" என்றார். தங்கையைவிடப் புறாக்காரர்களின் சட்டம் அவருக்குப் பெரிதாகிவிட்டது. நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மைனி அண்ணனைப்போலச் சட்டம் பேசவில்லை. குஞ்சுகள் பெரிதானதும் சந்தனத்தைப் பிடித்து, சிறகைக் கட்டி, என்னிடம் கொண்டுவந்து தந்தார்கள். கட்டி வைத்திருந்தவரை இருந்தது. சிறகு கட்டிய புறாவைப் பூனை எளிதாகப் பிடித்துவிடுமே என்று பயந்து நான் அவிழ்த்துவிட்டேன். விட்ட கையோடு அங்கே போனது. இப்படிப் பல தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் மைனி கொண்டுவந்து தரும்போது, புறா போனதைவிட அவர்கள் தருகிறார்களே என்பதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. எடுத்துக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது, கொடுக்கவும் அவர்களால் முடிந்தது.

அந்த வருஷம் அறுப்புப் பண்டிகை வந்தது. நம் சபையில் அன்று ஆளாளுக்கு விளைந்ததில் முதலாவதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவோம். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, கருப்பட்டி, கோழி என்று போய்க்கொண்டிருந்த ஏலத்தில், மூப்பர் ஒரு ஓலைக்கடவத்தைத் தூக்கி மூடியைத் திறந்தார். உள்ளே சந்தனம்.

என் புறாவைத் தன் காணிக்கையாக வைக்க இவர்களுக்கு என்ன துணிச்சல்! நான் உடனே விலை கேட்டேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எனக்கு மேலே கேட்டது, பார்த்தால் அண்ணன். மைனி எதை வைத்தார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புறா வெளியாள் கைக்குப் போய்விடக் கூடாது என்று கேட்கிறார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கோழி விலையைத் தாண்டி, ஆட்டுக்குட்டி விலையை நெருங்கியது. சபையார் வெயிலையும் மறந்து வேடிக்கை பார்த்தார்கள். திடீரென்று அண்ணன் பெண்கள் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! டீச்சரம்மாவுக்கு!" என்றார் மூப்பர். நான் தலை நிமிர்ந்து நடந்துபோய்க் கடவத்தை வாங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மைனி என் பக்கத்தில் வந்தார்கள். "நல்லதாப் போச்சு. எல்லாருக்கும் முன்னால ஒனக்குன்னு ஆகட்டும்னுதான் வச்சேன். இனி ஒங்க அண்ணன் ஒண்ணும் பேச முடியாது." அண்ணனின் வாயை அடைத்தது யாருடைய கண் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஜெயித்த ஏலத்தைக்கூட அவர்கள்தான் ஜெயித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மனுஷர் ஏற்பாடு முடிந்தது. புறாவுக்கு அது தெரியவில்லை. மறுநாள் காலையில் சந்தனம் மைனி வீட்டுக் கூரையில் இருந்தது. இந்த முறை மைனி பயந்துபோனார்கள். ஆண்டவருக்கென்று கொடுத்த காணிக்கை கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்தால் என்ன செய்வது? முகமெல்லாம் வெளுத்துப் போய், சேலையை மாற்றிக்கொண்டு போதகர் ஐயாவிடம் ஓடினார்கள். எதற்கும் கலங்காதவர்கள் கலங்கியதைப் பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

போதகர் ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏலத்தில் எடுத்தவங்களுக்குத்தான் அது சொந்தம், அம்மா. உங்க வீட்டுக்கு வந்தா, வந்த அன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. பொழுது சாயும்வரை வச்சிருந்தா தோஷமில்லை."

பாவம், அவர் ஒரு நாளைக்குச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். மைனி அதை ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று தொடங்கியது. காலையில் சந்தனம் அங்கே பறந்துபோகும். பகலெல்லாம் தன் சேவலோடு இருக்கும். பொழுது சாயும்போது மைனி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மதிலைச் சுற்றி என் வாசலுக்கு வருவார்கள். "இந்தா, ஒனக்க புறா" என்று தருவார்கள். நான் வாங்கி, பின்பக்கம் கட்டியிருந்த பானைக்குள் விடுவேன். மைனி என் அடுக்களையில் கிடக்கும் முக்காலியில் உட்கார்வார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? கொடுப்பேன். குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். விளக்கு வைத்ததும் எழுந்து போவார்கள். சந்தனம் முட்டையோடு இருக்கும் நாட்களில் இரவில் அதுதான் அடைகாக்க வேண்டும், கொண்டுவர முடியாது. அப்போது வெறுங்கையோடு வருவார்கள். "இன்னைக்கு அவ அடையில இருக்கா. செல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார்கள். சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்வார்கள்.

மழையிலும் வந்தார்கள். கிறிஸ்மஸ் அன்று, வீடு நிறைய விருந்தாளிகளை விட்டுவிட்டு வந்தார்கள். நான் சண்டை போட்டிருந்த நாட்களில் வாசலிலேயே நின்று புறாவை நீட்டுவார்கள். நான் வாங்கிக்கொண்டு, "காப்பி ஆறுது" என்பேன். சந்தனம் கிழவியாகியது. எனக்கும் காதோரம் நரைத்தது. ஊரில் புறாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதும் "ஞானப்பூவுக்க புறா" என்றுதான் சொன்னார்கள். எஸ்தருக்குச் சொந்தமானது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் குறையவே இல்லை. அது என்றைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, யாரும் தூக்கிக்கொண்டு வராமல் தானாக என் வீட்டுக்கு வர வேண்டும். இத்தனை வருஷமும் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

காய்ச்சலில் படுத்த பிறகும் மைனி முறையை விடவில்லை. அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்கள். அண்ணன் வாசலில் நின்று, "இந்தா, ஒனக்க மைனி தரச் சொன்னா" என்று கொடுத்துவிட்டுப் போவார். காப்பி வேண்டுமா என்று கேட்டால், அவள் தனியாக இருக்கிறாள் என்பார்.

வியாழக்கிழமை சாயங்காலமே அடக்கம் செய்தோம். போதகர் ஐயா ஜெபித்தார். அண்ணன் ஒரு பிடி மண் போட்டுவிட்டு அங்கேயே நின்றார், பிடித்துத்தான் கூட்டிவந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நான் என் வீட்டுக்குள் போனேன். கை தன்பாட்டில் அடுப்பை மூட்டிவிட்டது. இரண்டு பேருக்கான தண்ணீரையும் வைத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது வாசலில் சிறகடிப்பு கேட்டது. சந்தனம். யார் கையிலும் இல்லாமல், மதிலைத் தாண்டித் தானாக வந்திருந்தது. படியில் இறங்கி, கழுத்தை ஆட்டி ஆட்டி நடந்து அடுக்களைக்குள் வந்தது. நான் தரையில் உட்கார்ந்து, சின்னக் குஞ்சாக இருந்தபோது காட்டியதுபோல உதட்டைக் குவித்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், முக்காலியின் மேல் ஏறி நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது வருகிறது. முக்காலியில் ஏறி உட்கார்கிறது. நன்றாக இருட்டிய பிறகுதான் பானைக்குள் போகிறது. "டீச்சரம்மா, கடைசியில ஒங்ககிட்டயே வந்துட்டுல்லா" என்று எதிர்ப்படுகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

மைனி, அது என்னைத் தேடி வரவில்லை. உங்களைத் தேடித்தான் வருகிறது. முக்காலியில் அது இருக்கிறது, எதிரே தரையில் நான் இருக்கிறேன். இரண்டு பேரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புறா உங்கள் வீட்டுடையது என்று ஊரார் சொன்னால் இனி நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் உங்களை அதிகம் தேடுவது அந்தப் புறாதான் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அதை மட்டும் நான் அதற்கு விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பைய போய்ட்டு வாங்க, மைனி.